தெளிவாகவும் தடையில்லாமலும்

எனக்குத் திக்கும். பெருங்களத்தூரில் ஒரு தனியார் பள்ளியில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு வேதியியல் எடுத்துக்கொண்டிருந்தேன். சேர்ந்து பல வருடங்கள் வரை அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. திக்குவாய் என்றால் முதல் எழுத்து நாலு தடவை வரும் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படி இல்லை, எழுத்தே வராது. 'க'வில் தொடங்கும் சொல் என்றால் வாய் திறந்தபடி நின்றுவிடும். 'ப' என்றால் உதடு ஒட்டிக்கொள்ளும். சத்தம் எதுவும் கேட்காது. கண் மட்டும் லேசாகச் செருகும் என்று என் மனைவி சொல்வாள். கொஞ்ச நேரத்தில் தானே விட்டுவிடும்.

வகுப்பறையில் இதைச் சமாளிக்க ஒரு வழி வைத்திருந்தேன். வராத சொல்லைப் பலகையில் எழுதிவிடுவேன். எழுதிவிட்டுத் திரும்பினால் பிள்ளைகள் சேர்ந்து படிப்பார்கள். பொட்டாசியம் பெர்மாங்கனேட் என்பதை என் வாயால் முழுதாகச் சொன்ன நாட்கள் குறைவு. ஆனால் என்னிடம் படித்தவர்கள் அதைத் தப்பாக எழுதியதும் குறைவு. "சார் பிள்ளைங்களைப் பேச வைப்பார்" என்று பெற்றோர் கூட்டத்தில் ஒரு அம்மா பெருமையாகச் சொன்னார். நானும் அதை அப்படியே வைத்துக்கொண்டேன்.

பள்ளிகள் மூடி, வகுப்புகள் ஆன்லைனுக்குப் போனபோது பலகை போய்விட்டது. அஸ்தினாபுரத்தில் எங்கள் வீடு சின்னது. சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்து, மேலே இஸ்திரி போட்ட சட்டையும் கீழே லுங்கியுமாக உட்கார்ந்து பாடம் எடுத்தேன். முதல் வாரமே 'கார்பன்' என்ற சொல்லில் நின்றேன். வாய் திறந்திருந்தது, அசைவில்லை.

"சார், ஸ்டக் ஆயிடுச்சு," என்றான் ஒரு பையன்.

"எனக்கும் சார். உங்க நெட் போயிடுச்சு போல," என்றாள் ஒரு பெண்.

எனக்கு வந்தது நிம்மதி என்றுதான் சொல்ல வேண்டும். என் குறையை அவர்கள் நெட்டின் குறை என்று நினைத்துவிட்டார்கள். "ஆமா, இங்க நெட் சரியில்ல," என்றேன். அதற்குப் பிறகு நிற்கும்போதெல்லாம் அதையே சொன்னேன். அவர்களும் "பரவால்ல சார்" என்றார்கள். கொஞ்ச நாள் அது எல்லோருக்கும் வசதியாக இருந்தது.

ஒரு நாள் நான் எந்தத் தடங்கலும் இல்லாமல் பேசிக்கொண்டிருந்தேன். அப்படிப்பட்ட காலைகளும் எனக்கு உண்டு. பாதி வாக்கியத்தில் ஒரு குரல், "சார், ஸ்டக்," என்றது.

"இல்லையே, சரியாத்தானே..." என்று ஆரம்பித்தேன். அடுத்த சொல்லில் உண்மையாகவே நின்றுவிட்டேன். திரையில் பெயர் மட்டும் தெரியும் கறுப்புக் கட்டங்கள் வரிசையாக இருந்தன. அதில் ஏதோ ஒன்றின் பின்னாலிருந்து அடக்கிய சிரிப்பு ஒன்று வந்து உடனே அறுந்தது. அன்றுதான் புரிந்தது. அவர்கள் ஒரு நாளும் அதை நெட் என்று நினைக்கவில்லை. எந்த இடத்தைத் தொட்டால் நான் நிற்பேன் என்று கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு வகுப்பில் யாராவது ஒருவர் மரியாதையாக "சார், ஸ்டக்" என்றால் போதும், நான் அந்த இடத்திலேயே நின்றுவிடுவேன்.

பள்ளி திறந்தது. பலகை திரும்பக் கிடைத்தது, ஆனால் பழைய வழி பலிக்கவில்லை. எழுதிவிட்டுத் திரும்பினால் யாரும் படிப்பதில்லை. எனக்காகக் காத்திருப்பார்கள். நான் சொல்ல முயன்று வாய் திறந்து நிற்கும்போது, பெஞ்சு ஓரத்தில் ஒரு விரல் காற்றில் மெதுவாக வட்டம் போடும். வீடியோ வராதபோது திரையில் சுற்றுமே, அந்த வட்டம். பிறகு இன்னொரு விரல். சத்தம் கிடையாது. யாரைப் பிடித்து என்ன கேட்பது? விரலைச் சுற்றினாய் என்று ஒரு பிள்ளையைப் பிரின்ஸிபல் அறைக்கு அனுப்ப முடியுமா? 'பஃபரிங்' என்பது என் பெயராகிவிட்டது என்பதும் அப்போது தெரிந்தது.

அந்த வகுப்பில் என் மகளும் இருந்தாள். ஆசிரியர் பிள்ளைகளுக்குக் கட்டணச் சலுகை உண்டு என்பதால் சின்ன வகுப்பிலிருந்து அங்கேதான் படித்தாள். பள்ளிக்குள் நான் அவளுக்கு அப்பா இல்லை, சார். அது நாங்கள் முதலிலேயே பேசி வைத்துக்கொண்டது. பதினொன்றாம் வகுப்புக்கு வந்தபின் அவளே இன்னொன்றும் சேர்த்தாள். காலையில் பள்ளிக்கு ஒரு தெரு முன்னால், மருந்துக்கடை வாசலில் ஸ்கூட்டரிலிருந்து இறங்கிக்கொள்வாள். நான் போன பிறகு நடந்து வருவாள். மாலையிலும் அதே இடத்தில் ஏறிக்கொள்வாள். வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் உட்காருவாள். நான் நிற்கும்போதெல்லாம் குனிந்து எழுதிக்கொண்டிருப்பாள். எழுத ஒன்றும் இருக்காது.

ஒரு நாள் மதியம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். உடற்கல்வி ஆசிரியர் வந்து தோளைத் தொட்டார். தாம்பரத்துக்காரர், எல்லோரிடமும் சத்தமாகப் பேசுகிறவர். அன்று குரலைத் தாழ்த்தினார்.

"இன்னா சார், இத பாத்தீங்களா இல்லியா?"

அவர் போனில் ஒரு வாட்ஸ்அப் ஸ்டிக்கர் இருந்தது. என் முகம். வாய் திறந்திருந்தது, கண் பாதி மூடியிருந்தது. நெற்றியின் மேல் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"பசங்க குரூப் ஃபுல்லா இதான் ஓடிக்கினு கீது. லீவு கேட்டா இது, ஹோம்வொர்க் கேட்டா இது. எட்டாங்கிளாஸ் பசங்க வரைக்கும் போயிருச்சு. நான் பிரின்ஸிபல் மேடம் கிட்ட சொல்லிட்டேன் சார். எவன் பண்ணான்னு மட்டும் தெரியட்டும், தோலை உரிச்சிடறேன்."

நான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னணியை வெட்டி எடுத்திருந்தார்கள், ஆனால் கழுத்தும் தோளும் கொஞ்சம் இருந்தன. கழுத்தில் பனியன் விளிம்பு. தோளில் நான் குளித்துவிட்டு வந்து போட்டுக்கொள்ளும் கட்டம் போட்ட துண்டு. ஆன்லைன் வகுப்பில் நான் ஒரு நாளும் சட்டை இல்லாமல் உட்கார்ந்ததில்லை. பனியனும் துண்டுமாக என்னைப் பார்க்கக்கூடியவர்கள் இந்த உலகத்தில் இரண்டு பேர்தான். என் மனைவி குரோம்பேட்டையில் ஒரு மருத்துவமனையில் பில் போடுகிறாள். அவளுக்கு ஸ்டிக்கர் செய்யத் தெரியாது.

"விடுங்க சார்," என்றேன்.

"எப்படி விடறது? மேடம் ஏதோ மீட்டிங் வெக்கறாங்களாம்."

அன்று மாலை மகள் வழக்கம்போல மருந்துக்கடை வாசலில் ஏறினாள். இரவு அவள் தோசை சாப்பிட்டுக்கொண்டே போனைப் பார்த்துச் சிரித்தாள். என்ன என்று அவள் அம்மா கேட்டாள். ஒண்ணுமில்லை என்றாள்.

பிரின்ஸிபல் மேடம் எங்கோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்திருந்தார். தண்டனை பழைய காலத்து வழி என்று சொன்னார். ஆசிரியரும் மாணவரும் ஒன்றாக உட்கார்ந்து, வகுப்பிலும் ஆன்லைனிலும் எப்படி நடந்துகொள்வது என்று சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். "அவங்களே எழுதினா அவங்களே காப்பாத்துவாங்க," என்றார். கருத்தரங்கு அறையில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளையும் அவர்களுக்குப் பாடம் எடுக்கும் எங்களையும் எதிரெதிராக உட்கார வைத்தார். நடுவில் ஒரு பலகை, அதில் ஒரு சார்ட். மார்க்கரோடு நின்றது வகுப்புத் தலைவி. நன்றாகப் படிக்கிற, பணிவான பெண். என்னிடம் எப்போதும் வணக்கம் சொல்லுவாள்.

முதலில் எல்லாம் நன்றாகவே போனது. நாங்கள், வகுப்புக்கு நேரத்துக்கு வர வேண்டும் என்றோம், ஆன்லைனில் கேமரா போட வேண்டும் என்றோம். அவர்கள், எல்லார் முன்னாலும் மார்க்கை ஒப்பிடக் கூடாது என்றார்கள். சின்ன விஷயத்துக்கெல்லாம் வீட்டுக்கு போன் போடக் கூடாது என்றார்கள். திருத்திய தாளைச் சீக்கிரம் கொடுக்க வேண்டும், ராத்திரி குரூப்பில் வேலை அனுப்பக் கூடாது என்றார்கள். எல்லாமே நியாயம். இவ்வளவு தெளிவாகக் கேட்கத் தெரிகிறதே என்று எனக்கு அவர்கள் மேல் மதிப்புக்கூட வந்தது.

பிறகு தலைவி சொன்னாள். "மேடம், இன்னொரு பாயிண்ட். யாரையும் குறிப்பிட்டுச் சொல்லல. டீச்சர்ஸ் க்ளியரா பேசணும். நடுவுல நிறுத்தாம. அடுத்த வருஷம் போர்டு எக்ஸாம். சிலபஸ் முடிய மாட்டேங்குது."

யாரும் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை. அவள் கேலியாகச் சொன்னாள் என்று இன்றுவரை என்னால் நினைக்க முடியவில்லை. அவளுக்கு மருத்துவம் படிக்க ஆசை, வேதியியல் மார்க் வேண்டும்.

"நியாயமான பாயிண்ட்தான்," என்றார் மேடம். "தமிழ்ல எப்படி எழுதலாம்?"

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தமிழ் ஆசிரியை உடனே சொன்னார். "ஆசிரியர்கள் தெளிவாகவும் தடையில்லாமலும் பேசுதல் வேண்டும்." சொன்ன பிறகுதான் பக்கத்தில் இருப்பது நான் என்று அவருக்கு உறைத்தது. கைப்பையைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தார். தலைவி அழகான கையெழுத்தில் அதை எழுதினாள்.

ஆன்லைன் நடத்தைக்கு வந்தார்கள். மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு ஸ்டிக்கர் விஷயம் என் காதுக்கு வந்துச்சு. யார் பண்ணினதுன்னு நான் கேக்கல. அது இந்த மீட்டிங்கோட நோக்கம் இல்ல. ஆனா அது ஒருத்தரைக் காயப்படுத்துச்சா இல்லையான்னு அவரே சொல்லணும். சார், நீங்களே சொல்லுங்க. அவங்க முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க. அதுதான் ஹெல்தி."

உடற்கல்வி ஆசிரியர் மைக்கைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "சொல்லுங்க சார், தைரியமா," என்றார்.

நான் எழுந்தேன். மைக் எனக்குப் பழக்கமே இல்லாத பொருள். ஆண்டு விழா, சுதந்திர தினம் எதிலும் நான் அதைத் தொட்டதில்லை. சொல்ல வேண்டியது சின்ன வாக்கியம்தான். 'எனக்குக் கஷ்டமா இருந்துச்சு.' உட்கார்ந்திருந்தபோதே அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருந்தேன். 'கஷ்டம்' வராது என்று தெரியும். 'வருத்தம்' என்று மாற்றலாம், 'வ' எனக்கு வரும். எல்லாம் தயாராக இருந்தது.

ஆனால் எழுந்தவுடன் மூன்றாவது வரிசையில் என் மகளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையை மிக மெல்ல, வேண்டாம் என்பதுபோல அசைத்தாள். சொல்ல வேண்டாம் என்கிறாளா, பேசவே வேண்டாம் என்கிறாளா என்று அந்த நேரத்தில் எனக்குத் தெரியவில்லை.

"எனக்கு," என்றேன். அதற்கு மேல் வரவில்லை.

மைக்கில் சத்தம் இல்லாமையும் கேட்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தொண்டையில் மாட்டிய காற்றின் கரகரப்பு அறை முழுவதும் கேட்டது. வாய் திறந்திருப்பது எனக்கே தெரிந்தது. மூடவும் முடியவில்லை. விரல்கள் எதுவும் சுற்றவில்லை. எல்லோரும் உண்மையாகவே பொறுமையாக இருந்தார்கள். அந்தப் பொறுமை நீண்டுகொண்டே போனது.

பின்வரிசையிலிருந்து ஒரு பையன் மிகவும் மென்மையாக, உதவி செய்கிற குரலில் சொன்னான். "சார், நீங்க மியூட்ல இருக்கீங்க."

அறை வெடித்தது. பிள்ளைகள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். தமிழ் ஆசிரியை முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். தோலை உரிப்பேன் என்ற உடற்கல்வி ஆசிரியர் திரும்பி நின்றுகொண்டார், முதுகு குலுங்கியது. மேடம் குனிந்து காகிதத்தைப் பார்த்தார், உதட்டோரம் அவருக்கும் அடங்கவில்லை. என் மகள் முதலில் சிரிக்கவில்லை. இரண்டு பக்கமும் பார்த்தாள். எல்லோரும் சிரிக்கிறார்கள் என்று பார்த்த பிறகு அவளும் சிரித்தாள்.

நான் உட்கார்ந்தேன். மைக்கை யாரோ வாங்கிக்கொண்டார்கள்.

"ஓகே, ஓகே. பாருங்க, சார் எவ்வளவு ஸ்போர்ட்டிவா எடுத்துக்கிட்டார்," என்றார் மேடம். "சாருக்கு ஒரு கைதட்டல் கொடுங்க."

கொடுத்தார்கள். பலமாகவே கொடுத்தார்கள். அதன்பின் ஸ்டிக்கர் பற்றிய விதியை எழுதினார்கள். ஒருவர் படத்தை வைத்து எதையாவது செய்தால், அதனால் மனம் புண்பட்டதாக அவர் வாய்விட்டுச் சொன்னால், உடனே நீக்கிவிட வேண்டும். நான் எதுவும் சொல்லவில்லை என்பதால் ஸ்டிக்கரை யாரும் நீக்க வேண்டியிருக்கவில்லை. கடைசியில் எல்லோரும் வரிசையாக வந்து சார்ட்டின் கீழே கையெழுத்துப் போட்டார்கள். நானும் போட்டேன்.

மாலையில் இரும்புலியூர் தாண்டியதும் ஜி.எஸ்.டி. சாலையில் வண்டிகள் நகரவில்லை. ஏதோ பண்டிகை வாரம், ஊருக்குப் போகிற பேருந்துகள் எதிர்ப்பக்கத்தை அடைத்து எங்கள் பக்கமும் ஏறியிருந்தன. இன்ஜினை அணைத்தேன். திரும்பிப் பார்க்காமலே கேட்டேன்.

"அந்த போட்டோ நீதானே எடுத்தே?"

"ம்," என்றாள்.

"எதுக்கு?"

"என்னை பஃபரிங் பொண்ணுன்னு கூப்பிட்டாங்கப்பா. அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது நான் எஸ் மேம் சொல்றதுக்கு முன்னாடி எல்லாரும் லோடிங் லோடிங்னு சொல்வாங்க. சாப்பிடும்போது யாரும் பக்கத்துல உக்கார மாட்டாங்க. நானே ஒண்ணு அனுப்பிட்டா விட்டுடுவாங்கன்னு நெனச்சேன்."

"விட்டாங்களா?"

"ம். விட்டுட்டாங்க."

"இப்போ பக்கத்துல உக்கார்றாங்களா?"

"உக்கார்றாங்க."

முன்னால் ஒரு லாரி நகர்ந்தது. நான் வண்டியைக் கிளப்பினேன். அவளைத் திட்டுவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. அவள் கேட்டது கிடைத்திருந்தது. பள்ளியில் மேடமும் நாங்களும் சேர்ந்து சார்ட் எழுதிக் கொடுக்க முடியாத ஒன்றை, என் முகத்தைக் கொடுத்து அவள் வாங்கியிருந்தாள். இரவு மனைவியிடம் சொன்னேன். பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டே கேட்டவள், "அவளும் அங்கதானே படிச்சாகணும்," என்றாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அதைப் பற்றிப் பேச்சு வரவில்லை.

சார்ட்டை லேமினேட் செய்து வகுப்பறைச் சுவரில், பலகைக்கு மேலே மாட்டினார்கள். நான் எழுதத் திரும்பும்போதெல்லாம் அந்த வரி கண்ணுக்கு நேராக இருக்கும். ஒரு மாதத்துக்குள் பெற்றோர் சிலர் சேர்ந்து பிரின்ஸிபலுக்கு எழுதினார்கள். சண்டை போடவில்லை. பள்ளியே ஒப்புக்கொண்ட விதி பின்பற்றப்படவில்லை என்று மட்டும் எழுதியிருந்தார்கள்.

மேடம் என்னைக் கூப்பிட்டு டீ வரவழைத்தார். "சார், உங்க சப்ஜெக்ட் நாலெட்ஜ் பத்தி யாரும் ஒரு வார்த்தை சொல்லல. ஆனா இது நான் எடுத்த முடிவு இல்ல பாருங்க. அவங்களும் நாமளும் சேர்ந்து எடுத்தது. நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. லேப் முழுக்க நீங்க பாத்துக்கங்க. அங்க பேச வேண்டிய அவசியமே இல்ல."

உண்மையாகவே இல்லை. ப்யூரெட்டைக் கழுவி வைப்பது, கரைசல் தயாரிப்பது, உடைந்த சோதனைக்குழாயைக் கணக்கில் காட்டுவது. வகுப்புகளுக்குப் புதிதாக ஒருவர் வந்தார். தாம்பரத்தில் கல்லூரி முடித்துவிட்டு நேராக வந்த இளைஞர், கடகடவென்று பேசுவார். பிள்ளைகளுக்கு அவரைப் பிடித்திருந்தது. லேபுக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் மரியாதையாக நடந்துகொண்டார்கள். இனி என்னிடம் சீண்ட ஒன்றும் மிச்சமில்லை. "சார், அந்த ஆசிட் எடுத்துக்கலாமா?" என்பார்கள். நான் தலையாட்டுவேன். அப்படியே வருடம் போனது. என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்வரை கட்டணச் சலுகைக்காக இருந்தேன், பிறகு விலகினேன். பிரிவு உபசாரத்தில் எனக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். என்னைப் பேசச் சொல்லவில்லை. மேடமே எனக்காகவும் சேர்த்து நன்றி சொல்லிவிட்டார்.

இப்போது வீட்டிலிருந்து நுழைவுத் தேர்வுக் கேள்விகள் தயாரிக்கிறேன். எல்லாம் தட்டச்சுதான். மீட்டிங் என்றால் கேமராவும் மைக்கும் அணைத்து வைத்திருக்கலாம், யாரும் கேட்பதில்லை.

மகள் வேதியியலில் நல்ல மார்க் வாங்கினாள். நகரத்தில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. தினமும் தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் போய் வருகிறாள். சேர்ந்த புதிதில் ஒரு காலை, அவள் பேருந்தைத் தவறவிட்டதால் நான் ஸ்கூட்டரில் ஸ்டேஷன் வரை கொண்டு விட்டேன். இந்த முறை ஒரு தெரு முன்னால் இறங்கவில்லை. வாசல் வரை வரவிட்டாள். அங்கே அவளோடு படிக்கிற இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். புதுப் பைகள், கழுத்தில் புது அடையாள அட்டைகள்.

"வணக்கம் அங்கிள்," என்றார்கள்.

எனக்கு அன்று தொண்டை லேசாக இருந்தது. எந்த ஊர், எந்தப் பிரிவு என்று கேட்கலாம் என்று நினைத்தேன். அந்தச் சொற்கள் எனக்கு வரும், 'எ'வில் தொடங்குபவை. வாயைத் திறந்தேன்.

"எங்க அப்பா அவ்வளவா பேச மாட்டார்," என்றாள் என் மகள் சிரித்துக்கொண்டே. என் பக்கம் திரும்பவில்லை. "வாங்கடி, டிரெயின் வந்துடும்."

அந்தப் பெண்கள் புரிந்ததுபோல என்னைப் பார்த்துத் தலையசைத்தார்கள். நானும் தலையசைத்தேன். மூன்று பேரும் படியேறிக் கூட்டத்தோடு போனார்கள். பின்னால் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். நான் வண்டியைத் திருப்பினேன்.